ஓக் மரமும் அதன் பகைகளும்

நாட்டு மருந்துக் கடைகளில் மாசிக்காய் என்றொரு பொருள் விற்கப்படுகிறது. சுண்டைக்காயினும் சற்றுப் பெரியதாய், உருண்டையாய், மேலே சிறுசிறு முண்டுகள் உடையதாய், கல்லைப்போலக் கடினமாய் இருக்கும். குழந்தைகளுக்கு உரைமருந்து கொடுக்கும் வீடுகளில் வசம்பு, சுக்கு, கடுக்காய் ஆகியவற்றோடு இதுவும் இடம்பெற்றிருக்கும். நாவில் பட்டால் மிகத் துவர்க்கும். பெயரில் காய் என்று இருப்பினும், இஃது எம்மரத்திலும் காய்த்த காய் அன்று. இதனைப் பிளந்து பார்த்தால் உள்ளே விதை இராது. நடுவில் ஒரு சிற்றறை மட்டுமே இருக்கும். சில மாசிக்காய்களில் அவ்வறையிலிருந்து வெளிப்புறம் வரையில் ஒரு நுண்ணிய துளையும் காணப்படும். அவ்வறையில் பிறந்து வளர்ந்து, அத்துளையின் வழியே வெளியேறிப் பறந்து சென்றது ஒரு சிறு குளவி.

துருக்கி, ஈரான் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் மொட்டில் அக்குளவி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழுவின் தூண்டுதலால், கிளையாக வளர வேண்டிய அம்மொட்டு உருண்டு திரண்டு ஒரு வீக்கமாகிவிடுகிறது. அவ்வீக்கமே புழுவுக்கு வீடும் உணவும் ஆகிறது. மரம் தன் துவர்ப்புச் சத்தை அதில் நிறையச் சேர்த்து வைக்கிறது. அதுதான் நம் கடைகளுக்கு மாசிக்காய் என்ற பெயரில் வந்து சேர்கிறது. ஐரோப்பியர் இதனோடு இரும்பின் உப்பைக் கலந்து கறுப்பு மை செய்து, பல நூற்றாண்டுகள் தம் நூல்களை எழுதினர். இத்தனை வீக்கங்களைச் சுமந்தும் மரம் மாள்வதில்லை. குளவியும் பெருகி மரத்தை விழுங்குவதில்லை. இரண்டும் நெடுங்காலமாக ஒன்றையொன்று அறிந்தவை.

தமிழ்நாட்டுக் காடுகளில் ஓக் மரம் இயற்கையாக வளர்வதில்லை. இந்தியாவில் அதனைக் காண வேண்டுமாயின் குமாவுன், கடுவால் முதலிய இமயமலைச் சாரல்களுக்குச் செல்ல வேண்டும். அகராதிகள் இதனைக் கருவாலி என்று குறிக்கும். உலகில் 400-க்கு மேற்பட்ட ஓக் வகைகள் உள்ளன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கப்பலுக்கும் கூரைக்கும் மதுப் பீப்பாய்க்கும் உதவிய மரம் இது. பல நூறு ஆண்டுகள் வாழ வல்லது. ஓரிடத்தில் இத்துணைக் காலம் நிற்கும் ஒரு மரத்தை நாடி வரும் உயிர்களும் பலவாகத்தானே இருக்கும்? பிரிட்டனில் மட்டும் ஓக் மரத்தைச் சார்ந்து வாழும் உயிர் வகைகள் ஏறத்தாழ 2,300 என்று கணக்கிட்டுள்ளனர். பறவைகள், பூச்சிகள், காளான்கள், மரப்பாசிகள் எனப் பலவும் இக்கணக்கில் அடங்கும். அவற்றுள் 320-க்கு மேற்பட்டவை ஓக் மரத்தையன்றி வேறு மரத்தில் வாழ மாட்டா.

இலையைத் தின்னும் புழுக்கள் இவற்றுள் மிகப் பல. ஆயினும், மரம் வாளா இருப்பதில்லை. இளவேனிலில் துளிர்க்கும்போது அதன் இலை மென்மையாக இருக்கும். நாள் செல்லச் செல்ல இலை தடித்து, துவர்ப்பும் மிகும். ஆகவே, புழுக்கள் துளிர் விரியும் அந்தச் சில வாரங்களுக்குள் தின்று முடித்தாக வேண்டும். ஆக்ஸ்போர்டு நகரை அடுத்த வைதம் காட்டில் ஆராய்ச்சியாளர் இதனைப் பல ஆண்டுகள் நுணுகிக் கண்டனர். புழு மிகும் அவ்வாரங்களையே நோக்கிச் சிறு குருவிகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. புழுக்கள் மிகுந்து இலை முழுவதையும் தின்றுவிட்ட ஆண்டிலும், கோடையின் நடுவில் மரம் மீண்டும் ஒருமுறை துளிர்க்கிறது. உள்ளூர்ப் பகை இவ்வாறு ஓர் எல்லைக்குள் நிற்கிறது. எல்லையைக் கடந்த பகைகளின் வரலாற்றை நோக்கினால், பெரும்பாலும் இடையில் மனிதனின் கை தென்படும்.

1868-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மெட்போர்டு என்னும் ஊரில், எட்டியென் லியோபோல்டு துரூவெலோ என்னும் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்து வந்தார். லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபின் தாய்நாட்டை விட்டு வந்தவர் அவர். தொழிலால் ஓவியர், ஆர்வத்தால் பூச்சி வளர்ப்பவர். அமெரிக்கக் காட்டுப் பட்டுப்புழுக்களை வீட்டுக்குப் பின்னால் வலைகட்டி இலட்சக்கணக்கில் வளர்த்தார். அதனோடு நிற்காமல், ஐரோப்பாவிலிருந்து வேறொரு அந்துப்பூச்சியின் முட்டைகளையும் கொணர்ந்தார். அவற்றிலிருந்து வந்த புழுக்களுள் சில வலையைக் கடந்து வெளியேறிவிட்டன. துரூவெலோ இதனை மறைக்கவில்லை. பிறருக்கு எச்சரிக்கை செய்தார் என்றே கூறப்படுகிறது. ஆனால், தோட்டத்தில் தொலைந்த சில புழுக்களைப் பற்றி யார் கவலைப்படுவர்?

அவரும் அக்கவலையை விட்டுவிட்டு வானத்தை நோக்கத் தொடங்கினார். தொலைநோக்கியின் வழியே கண்ட ஞாயிற்றையும் கோள்களையும் அவர் தீட்டிய ஓவியங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. நிலவில் ஒரு பள்ளத்துக்கும் செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் இடப்பட்டுள்ளது. 1882-இல் அவர் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். அவர் விட்டுச் சென்ற புழுக்களோ மெட்போர்டிலேயே தங்கிப் பெருகின. 1889-ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வூர் மக்கள் தம் தெருக்களில் நடக்கவும் அஞ்சினர். மரங்களிலும் வேலிகளிலும் சுவர்களிலும் மயிரடர்ந்த புழுக்கள் மொய்த்தன, வீட்டினுள்ளும் புகுந்தன. இரவின் அமைதியில், எண்ணற்ற புழுக்கள் இலை மெல்லும் ஒலி கேட்டது. அவற்றின் எச்சம் தூறல்போல மரங்களிலிருந்து உதிர்ந்தது. ஓக் மரங்கள் கோடையிலேயே பனிக்காலத்து மரங்களைப்போல மொட்டையாய் நின்றன.

இப்பூச்சியின் பெண்ணுக்குச் சிறகுண்டு. ஆயினும் அஃது பறப்பதில்லை. அது நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, தன் உடல் மயிரால் மூடிவிடும். அக்குவியல் கடற்பஞ்சுபோல் தோன்றும். முன்னர் வழங்கிய இதன் ஆங்கிலப் பெயர் நாடோடி மக்கள் கூட்டம் ஒன்றை இழிவுபடுத்துவதாக இருந்தமையால், அமெரிக்கப் பூச்சியியலார் அதனை விலக்கி, 2022-இல் பஞ்சு அந்து என்னும் பொருளுடைய பெயரை வைத்தனர். பறக்க இயலாத பூச்சி எங்ஙனம் பரவும் என்று வியக்கலாம். இளம்புழு நூலிழையொன்றை விட்டுக் காற்றில் மிதந்து செல்லும். அதனினும் பெருந்தொலைவு அதனைக் கொண்டு செல்பவை மனிதனின் வண்டிகளே. மரப்பலகை, கல், வண்டிச் சக்கரம் எதுவாயினும் முட்டையிட அதற்கு ஏற்ற இடந்தான்.

1890-இல் மாநில அரசு ஆட்களை ஏவி இதனை ஒழிக்க முற்பட்டது. மரந்தோறும் ஏறி முட்டைக் குவியல்களைச் சுரண்டினர், தார் எண்ணெய் பூசினர், நஞ்சு தெளித்தனர். பின்னாளில் உலகெங்கும் பழத்தோட்டங்களில் தெளிக்கப்பட்ட காரீய ஆர்சனேட் என்னும் கொடிய நஞ்சு, இப்போராட்டத்திற்கென்றே முதன்முதலாக ஆக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் பூச்சி அருகிவிட்டது. அது கண்ணில் படுவது குறையவே, பணம் வீணாகிறது என்று எண்ணி, 1900-இல் வேலையை நிறுத்திவிட்டனர். இதுபோன்ற சிக்கனத்தால் அடைந்த நட்டம் வரலாற்றில் மிகுதி. சில ஆண்டுகளில் பூச்சி முன்னினும் விரிந்த பரப்பில் தோன்றியது. 1981-இல் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் ஏக்கர் காடு இலையிழந்தது.

இலையிழந்த மரமெல்லாம் பட்டுப்போவதில்லை. வலிய ஓக் மரம் ஓராண்டு இழப்பைத் தாங்கும். வேரில் சேர்த்து வைத்த மாவுச் சத்தைச் செலவிட்டு மீண்டும் துளிர்க்கும். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இவ்வாறே நிகழுமாயின், சேமிப்புத் தீர்ந்துவிடும். அப்பொழுதுதான் வேறு பகைகள் நெருங்குகின்றன. தளர்ந்த மரத்தை நாடி முட்டையிடும் ஒருவகை வண்டின் புழு, பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வளைந்து வளைந்து துளைத்து, உணவு செல்லும் வழியை அறுத்துவிடுகிறது. மண்ணில் கறுத்த கயிறுபோல் படரும் ஒரு காளான் வேரில் ஏறி அதனை உளுக்கச் செய்கிறது. ஐரோப்பாவில் 1907 முதல் சாம்பல் நோய் என்னும் வெண்பூசணமும் இதனோடு சேர்ந்துகொண்டது. முதல் இலையைப் புழு தின்றபின் மரம் இரண்டாம் முறை விடும் இளந்துளிரையே அப்பூசணம் விரும்பிப் பற்றுகிறது. மரம் பட்டபின் அதனைக் கொன்றது யாது என்று கேட்டால், ஒரு பெயரைச் சொல்லி முடிக்க இயலாது.

ஒரே பகை தனித்து வந்து கொல்வதும் உண்டு. 1940-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓக் வாடல் நோய் என்னும் ஒன்று கண்டறியப்பட்டது. பூசணம் ஒன்று மரத்தின் நீர்க்குழாய்களுள் புகுகிறது. மரம் அதனைத் தடுக்கக் கருதித் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. பகைவன் புகாமல் இருக்கக் கோட்டை வாயிலை அடைத்தவர்கள், உள்ளே நீரின்றி மாண்டதை ஒக்கும் இது. சிவப்பு ஓக் எனப்படும் இனம் கோடையில் பசுமையாக நின்று, சில வாரங்களுக்குள் உச்சியிலிருந்து வாடி இலையுதிர்த்துப் பட்டுப்போகிறது. வெள்ளை ஓக் இனம் அடைப்பதிலும் அளவறிந்து அடைப்பதால், பல ஆண்டுகள் தாங்குகிறது; சில வேளை பிழைத்தும் விடுகிறது.

இந்நோய் பரவும் முறை மிக வியப்பானது. பட்ட சிவப்பு ஓக் மரத்தின் பட்டைக்கு அடியில் பூசணம் மெத்தைபோல் வளர்ந்து, பட்டையை உந்திப் பிளக்கிறது. அப்பிளவிலிருந்து புளித்த பழத்தின் மணம் எழும். அம்மணத்தால் ஈர்க்கப்படும் சிறு வண்டுகள் அங்கு வந்து மேய்ந்து, பூசணத்தின் நுண்வித்துகளை உடலில் ஏந்திச் செல்கின்றன. பின்னர், கிளை வெட்டிய புதுக்காயத்தில் சாறு கசியும் ஒரு நல்ல மரத்தை நாடுகின்றன. அழகுக்காகவோ வழிக்காகவோ வேனிற் காலத்தில் கிளை கழித்த ஒருவர், தம் மரத்துக்குத் தாமே நோயை அழைத்தவர் ஆகிறார். விஸ்கான்சின் பகுதியில் ஏப்ரல் முதல் ஜூலை முடிய ஓக் மரத்தைக் கழிக்க வேண்டா என்று வனத்துறையினர் எச்சரிப்பது இதனால்தான். தவிர்க்க இயலாது வெட்ட நேர்ந்தால், காயத்தின்மீது உடனே வண்ணம் பூசிவிட வேண்டும்.

மற்றொரு வழி மண்ணுக்குள் இருக்கிறது. அருகருகே நிற்கும் ஓக் மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்துவிடும். மேலே தனித்தனி மரங்களாகத் தோன்றுபவை, கீழே ஒரே குழாயிலிருந்து நீர் பெறும் வீடுகளைப்போல இருக்கும். ஒன்றில் புகுந்த பூசணம் அவ்வழியே அடுத்ததற்குச் செல்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் பசுமை ஓக் தோப்புகளில் இதனால் மரங்கள் வட்டம் வட்டமாக மடிந்தன. நோயுற்ற மரத்தைச் சுற்றி நாலடி ஆழத்துக்கு மேல் அகழி வெட்டி, வேர்த் தொடர்பை அறுப்பதே மற்ற மரங்களைக் காக்கும் வழி. நோய் இன்னும் தோன்றாத மரங்கள் சிலவற்றையும் அகழிக்கு உள்ளே விட்டுவிட வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் அவற்றுள் நோய் ஏற்கெனவே சென்றிருக்கக் கூடும் அன்றோ? தன் நிலத்தில் பச்சென்று நிற்கும் மரத்தை அவ்வாறு கைவிட எந்த உடையவருக்கும் மனம் வருவதில்லை. அகழி மரத்துக்கு மிக அருகில் வெட்டப்பட்டு வீணாவதும் உண்டு.

மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவில் நிகழ்ந்தது இதனினும் பெரிய அழிவு. 1990-களின் நடுவில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மாரின் மாவட்டத்தில் ஓக் மரங்களின் அடிப்பட்டையிலிருந்து கறுஞ்சிவப்பான நீர் கசிந்தது. பின்னர் மரம் முழுவதும் திடீரெனப் பழுப்பாகியது. ஓக் திடீர்ச் சாவு என்றே மக்கள் இதற்குப் பெயரிட்டனர். ஓக் மரத்தின் உறவினமாகிய டான் ஓக் மரங்கள் முதலில் மடிந்தன. அம்மரத்தின் கொட்டையை இடித்து, நீரில் ஊறவைத்துத் துவர்ப்பு நீக்கி, மாவாக்கி உண்பது யூரோக்கு, ஹூப்பா முதலிய பழங்குடி மக்களின் தொன்றுதொட்ட வழக்கம். அவர்களுக்கு இஃது ஒரு காட்டு மரத்தின் நோய் மட்டும் அன்று; உணவும் வழிபாடும் சார்ந்த இழப்பு.

2000-ஆம் ஆண்டில் டேவிட் ரிசோ, மட்டேயோ கார்பெலோட்டோ என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் நோயின் காரணத்தைக் கண்டறிந்தனர். அது பூசணத்தைப் போன்றது. ஆனால், உண்மையில் நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய உயிர். அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்கை அழித்து, ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாளக் காரணமான உயிரும் இதே இனத்தது. அவ்வினத்தின் அறிவியற் பெயர்க்குச் செடிகளை அழிப்பது என்பதே பொருள். இதே உயிர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் ஜெர்மனி, ஆலந்து நாட்டுத் தோட்டங்களில் ரோடோடெண்ட்ரான் என்னும் பூஞ்செடியில் காணப்பட்டிருந்தது. அழகுச் செடிகளை விற்போரும் வாங்குவோரும் தொட்டியோடும் மண்ணோடும் இந்நோயைப் பல நாடுகளுக்குப் பரப்பிவிட்டனர்.

காட்டினுள் நோயைப் பரப்புவதில் முதலிடம் பெறுவது ஓக் மரம் அன்று. அதன் அருகே வளரும் நறுமண இலையுடைய லாரல் மரமே ஆகும். லாரலின் இலை நுனியில் ஒரு பழுப்புக் கறை தோன்றும், அவ்வளவே. அம்மரம் வாடுவதும் இல்லை, மடிவதும் இல்லை. ஆனால், மழையும் மூடுபனியும் உள்ள நாட்களில் அவ்விலைகளில் நுண்வித்துகள் ஏராளமாக விளைந்து, சொட்டும் நீரோடு பக்கத்து ஓக் மரத்தின் பட்டையில் விழுகின்றன. ஓக் மரத்திலிருந்து நோய் பிற மரத்துக்குச் செல்வது அரிது. எனவே, மதிப்புடைய ஓக் மரத்தைக் காக்க விரும்புவோர் அதனை ஒட்டி நிற்கும் லாரலை வெட்டி விலக்குகின்றனர். காட்டில் நடந்து வருவோர் தம் காலணியிலுள்ள சேற்றைத் தட்டித் துடைத்துவிட்டுச் செல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. இத்தனை செய்தும் பல இலட்சம் மரங்கள் மடிந்தன.

இதே மாநிலத்தின் தென்கோடியில் வேறொரு பகை விறகோடு வந்தது. பொன்னிறப் புள்ளிகளையுடைய துளைவண்டு ஒன்று அரிசோனா மாநிலத்தின் தென்கிழக்கு மலைகளில் வாழ்கிறது. அங்குள்ள ஓக் மரங்கள் அதனால் பெருந்தீங்கு உறுவதில்லை. 2004-இல் அவ்வண்டு கலிபோர்னியாவின் சாண்டியேகோ மாவட்டத்தில் காணப்பட்டது. இடையிலிருப்பது பாலைநிலம், அதனை வண்டு தானே கடந்திருக்க இயலாது. மலைப்பகுதியில் குளிர்காய எவரோ ஏற்றி வந்த விறகின் பட்டைக்குள் அது வந்திருத்தல் வேண்டும் என்பதே ஆராய்ந்தோர் முடிவு. அவ்வண்டை முன்பின் அறியாத கலிபோர்னிய ஓக் மரங்கள் பல பதினாயிரக்கணக்கில் பட்டுப்போயின. விறகைத் தொலைவிடத்திலிருந்து கொணராமல், எரிக்கும் இடத்திலேயே வாங்குமாறு அதன்பின் மக்கள் வேண்டிக்கொள்ளப்பட்டனர்.

இங்கிலாந்திலும் 2006-இல் இவ்வாறே ஓர் அந்துப்பூச்சி இலண்டன் நகரில் தோன்றியது. ஐரோப்பாக் கண்டத்திலிருந்து நடுவதற்காக வாங்கி வந்த இளம் ஓக் மரங்களில் அதன் முட்டைகள் இருந்தன. அதன் புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையும் வாலும் தொட ஊர்வலம் செல்லும். காண அழகிய காட்சிதான். ஆயினும், அவற்றின் நுண்மயிர் பட்டால் தோல் தடித்து அரிக்கும், கண்ணும் தொண்டையும் எரியும். மரத்தைவிட மனிதருக்கே அதனால் துன்பம் மிகுதி.

மெட்போர்டுப் புழுவின் கதை இன்னும் முடியவில்லை. 1910-ஆம் ஆண்டையொட்டி, அப்புழுவைக் கொல்லும் ஒரு பூசணத்தை ஜப்பானிலிருந்து கொணர்ந்து பாஸ்டன் நகரின் அருகே விட்டுப் பார்த்தனர். அது பயன் தரவில்லை என்று கருதி மறந்துவிட்டனர். 1989-ஆம் ஆண்டின் ஈரமான வேனிலில், வடகிழக்கு மாநிலங்கள் பலவற்றில் புழுக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டன. அவற்றைக் கொன்றது அதே ஜப்பானியப் பூசணம். அதன்பின் பல ஆண்டுகள் புழுவின் பெருக்கம் கட்டுக்குள் இருந்தது. ஆனால், அப்பூசணம் வேலை செய்ய வேனிற் காலத்தில் மழை வேண்டும். 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் மழை குறைந்தது. புழு மீண்டும் பெருகியது. 2017-இன் வேனிலில் மழை நன்கு பெய்தது. மரத்தடிகளில் நூற்றுக்கணக்கான புழுக்கள் தலைகீழாக ஒட்டி, உலர்ந்து தொங்கின. எனினும், மும்முறை இலையிழந்திருந்த ஓக் மரங்களுள் பல, அடுத்த ஆண்டு துளிர்க்கவே இல்லை.